வடிகட்டி சொன்ன சாட்சி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உங்கள் வெற்றியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். வெற்றியைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் ஒரு பிஸ்டனைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் தலையில் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைப் போட்டவன் வேறு யாருமல்ல, நான்தான்!

என்னோடு படித்த நண்பன் ஒருவன், கடையநல்லூர்க்காரன். வளைகுடாவில் பத்து வருஷம் வெயிலில் காய்ந்து சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பினான். வீடு கட்டினான், தங்கையைக் கட்டிக் கொடுத்தான். மிச்சமிருந்த பணத்தில், ஹாஸ்டல் சுவரில் படமாக ஒட்டி வைத்திருந்த பழைய ஹோண்டா சிட்டி விடெக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். அதற்கு டர்போ பொருத்த வேண்டும், கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ஓட்ட வேண்டும். இதுதான் அவன் ஆசை. "நீதானல இன்ஜினியரு, நீயே செய்யி" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டான்.

இப்படிப்பட்ட ஆசை நம் மண்ணுக்குப் புதிதல்ல. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடத்திய மாநிலம் இது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் வந்தது. மாருதி 800 இன்ஜினை வைத்தே பந்தயக் கார் உருவாக்கிக் காட்டியவர் கோவை கரிவரதன். செட்டிப்பாளையம் தளம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதே கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டர்போ போட்டால் இன்ஜினுக்குள் காற்று அதிகம் போகும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கம்பெனியில் வந்த பம்பு அதற்குப் போதாது. எனவே பெரிய பம்பு, பெரிய இன்ஜெக்டர், புது ஹோஸ், புது ஃபில்டர் என்று எல்லாவற்றையும் வெளியில் வாங்கி நாமே பொருத்த வேண்டும். இந்த மாதிரி மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. ஆகவே வண்டியை டெம்போவில் ஏற்றித்தான் தளத்துக்குக் கொண்டு போனோம்.

இதில் ஃபில்டர் இரண்டு இடத்தில் வரும். பம்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் வருவது சுமார் 100 மைக்ரான், கொஞ்சம் பெரிய கண். பின்னால் வருவது 10 மைக்ரான், பொடிக் கண். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். "இரண்டு இடத்திலும் பொடிக் கண்ணையே போட்டால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்கலாம். மதுரையில் ஜிகர்தண்டாவை மெல்லிய ஸ்ட்ராவில் உறிஞ்சிப் பாருங்கள், கன்னம்தான் வலிக்கும். பம்புக்குத் தள்ளும் பலம் உண்டு, உறிஞ்சும் பலம் குறைவு. உறிஞ்சும் பக்கம் அடைத்தால் பெட்ரோல் குமிழி விட்டு ஆவியாகும், பம்பு சூடேறிச் சாகும். அதனால்தான் பெரிய கண் முன்னால், சின்னக் கண் பின்னால்.

இதையெல்லாம் நான் ஒழுங்காகவே செய்தேன். கடையநல்லூரில் அவன் வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் மூன்று வாரம் வேலை. 2024 ஜனவரியில் தளத்துக்குப் போனோம். முதல் ஆறு சுற்று அருமை! ஏழாவது சுற்றில் நேர்ப்பாதையில் வெள்ளைப் புகை, ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நண்பன் ஹெல்மெட்டைக் கழற்றியதும் சொன்ன முதல் வார்த்தை: "ஏலே, பங்க்காரன் தண்ணியக் கலந்துட்டாம்ல!"

எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. யாருக்குத்தான் இருக்காது? பிரஷர் கேஜ் கடைசி வரை சரியாகக் காட்டியது. புகைக்குழாயில் வைத்த ஆக்ஸிஜன் மீட்டரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பழியைப் பங்க் மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் ஊருக்கு வந்ததும் ஃபில்டரைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த வலையை ஒரு வெள்ளைத் துணி மேல் தட்டினேன். தம்பிகளே, ஃபில்டரை மாற்றினால் மட்டும் போதாது, பழையதைத் திறந்து படிக்க வேண்டும். செந்தூளாக இருந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. வெண்பொடி என்றால் எங்கோ அலுமினியம் அரிக்கிறது. பழுப்பாகப் பிசுபிசுத்தால் பெட்ரோல் பழசாகிப் படிந்திருக்கிறது. கறுப்புத் துணுக்கு என்றால் ரப்பர் ஹோஸ். டாக்டருக்கு ரத்தப் பரிசோதனை எப்படியோ, நமக்கு இது அப்படி.

என் துணியில் என்ன இருந்தது தெரியுமா? ஏறக்குறைய ஒன்றுமே இல்லை! டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு ராத்திரி வைத்தேன். தண்ணீர் அதிகம் இருந்தால் அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். பிரியவில்லை. ஆக, பங்க் நிரபராதி. பிறகு குற்றவாளி யார்?

நான்கு இன்ஜெக்டர்களையும் டெஸ்ட் பெஞ்சில் போட்டோம். மூன்று சரியாகப் பீய்ச்சின. மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் பாதிதான். அதன் வாயில் ஒரு குட்டி வலை உண்டு. அதைப் பிடுங்கிப் பார்த்தால்... கன்னங்கரேலென்று ரப்பர்த் துணுக்கு!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 10 மைக்ரான் ஃபில்டருக்கும் இன்ஜெக்டர் குழாய்க்கும் நடுவே ஒன்றரை அடி ஹோஸ் இருந்தது. தளத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் அவசரத்தில் அதை ஹேக்சாவால் அறுத்து, கழுவாமல் மாட்டியது நான். ஃபில்டருக்கு முன்னால் எவ்வளவு அழுக்கு இருந்தாலும் ஃபில்டர் பிடிக்கும். ஃபில்டருக்குப் பின்னால் நானே போட்ட அழுக்கை யார் பிடிப்பது?

மீட்டர்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பிரஷர் கேஜ் பொதுக் குழாயின் அழுத்தத்தைக் காட்டுகிறது, அது சரியாகவே இருந்தது. ஆக்ஸிஜன் மீட்டர் நான்கு சிலிண்டர்களின் சராசரியைக் காட்டுகிறது. வகுப்புச் சராசரி 70 மார்க் என்றால் எல்லோரும் பாஸ் என்று அர்த்தமா? மூன்று பேர் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஒருவன் பட்டினி கிடந்தான். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் டர்போ இன்ஜினில் நாக்கிங் வரும், வெப்பம் ஏறும், அலுமினியப் பிஸ்டன் உருகும். அதுதான் அந்த ஓட்டை.

நண்பனிடம் போய்ச் சொன்னேன். பத்து வருஷச் சம்பாத்தியத்தின் மிச்சம் அது. சொல்வதற்கு நாக்கு எழவில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரில... பங்க்ல போய்ச் சண்டை போட இருந்தேன், நல்லவேளை. அடுத்த தடவ ஹோஸக் கழுவிட்டு மாட்டு" என்றான். செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். மறுபடி கட்டினோம்.

இரண்டாம் முறை செய்ததைத் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். ஹோஸை டேப் சுற்றி, கூரான கத்திரிப்பானால் வெட்டினோம். காற்றடித்து, பெட்ரோல் விட்டு இரண்டு பக்கமும் அலசினோம். முடிவில் இன்ஜெக்டர் குழாயில் இணைக்கும் முன்பே பம்பை ஓட விட்டு, முதல் அரை லிட்டரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தோம். துணி சுத்தமாகும் வரை திரும்பத் திரும்பச் செய்தோம். இதையெல்லாம் திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, தீயணைப்பான் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். ஹோஸைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்கி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பம்பை ஓட்டத்தான் மறுபடி இணைக்க வேண்டும், அதுவும் சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி கலைந்த பிறகு.

புது அமைப்பில் முதல் ஃபில்டரை முதல் நாள் ஓட்டம் முடிந்ததுமே திறந்து பாருங்கள். கட்டும்போது விழுந்த தூசியெல்லாம் அதில்தான் வரும். பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு முறை. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் அளக்க இடம் விட்டிருந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் அடைக்கிறது என்று பொருள்.

இன்னொன்று. 2003-இல் 5 சதவீதத்தில் தொடங்கிய எத்தனால் கலப்பு, 2022-இல் 10 சதவீதமாகி, 2025-இல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனால் பழைய டேங்கில் படிந்த கசடைக் கரைத்து இழுத்து வரும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு கிலோ சாதா பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று, இருபது சதவீதக் கலப்புக்குச் சுமார் 13.5 கிலோதான். அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் கொடுக்க வேண்டும். பம்பு கணக்கில் இதைச் சேருங்கள். காகித ஃபில்டரை விட, எத்தனாலுக்குத் தாங்கும் ஸ்டீல் வலையோ கண்ணாடி இழையோ நல்லது. ஹோஸும் எத்தனால் தாங்கும் வகையாக இருக்கட்டும்.

எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். நம் பக்கம் குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் அரை டேங்க் பெட்ரோலோடு வண்டியை ஷெட்டில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்! இதை நம் ஊர் விவசாயிகள் நமக்கு முன்பே அறிவார்கள். டிராக்டர் டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தைத் திறந்து தண்ணீரை இறக்காமல் உழவுக்குப் போகாத பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிறைவாக ஒன்று. முதல் வருஷம் இதே கல்லூரி வொர்க்‌ஷாப்பில் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் இருந்தார். இரும்பை அறுத்து முடித்ததும் "பிசிறை எடுத்தியா? துடைச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பின்னால் நின்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். பதினைந்து வருஷம் கழித்து ஒரு பிஸ்டன் கொடுத்துத்தான் அந்தப் பாடத்தைப் படித்தேன்.

அந்த ஓட்டைப் பிஸ்டன் இன்று என் மேஜையில் பேனா ஸ்டாண்டாக இருக்கிறது. ஏதாவது கெட்டுப்போய், "இது யார் செய்த தப்பு?" என்று கேட்கத் தோன்றும்போதெல்லாம் முதலில் அதைப் பார்த்துக்கொள்கிறேன். தம்பி தங்கைகளே, நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் பழியைப் பங்க் மேல் போடும் முன் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது சுத்தமாக இருந்தால், அதற்குப் பின்னால் கை வைத்தது யார் என்று யோசியுங்கள்.