பொருளியலும் பொதுமக்களும்



"பொருளியல் அறிஞர்க்கும் அமைச்சர்க்குமே உரியது, நமக்கு அதில் என்ன வேலை?" எனப் பலர் கருதுகின்றனர். கொழும்பில் எழுதப்படும் ஒரு கட்டளை நமது வயலின் விளைவைக் குறைக்க வல்லதாயின், அதைப்பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லையா?

அண்மை வரலாற்றை நோக்குவோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கமத்தொழில் அறிஞர் எச்சரித்தனர். கமக்காரர் வீதியில் இறங்கினர். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆயினும் அப்பெரும்போக விளைவு வீழ்ந்தது. அரிசி விலை ஏறியது. 2022 ஜனவரியில், நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு வழங்குவதாக அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது.

கமக்காரர் புதுமைக்குப் பகைவரா? அல்லர். 2021 யூலையில் வெரிட்டே என்னும் ஆய்வு நிறுவனம் அவர்களை வினவியபோது, பெரும்பான்மையோர் சேதனப் பசளைக்கு மாறுவதை ஆதரித்தனர். ஆனால் அவ்வாறு ஆதரித்தவர்களிலும் மிகப் பலர், ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டுமென்றனர். கட்டளைக்கு முன் கேட்டிருக்க வேண்டிய விடை, கட்டளைக்குப் பின் கிடைத்தது.

வேறு வழி உண்டா? கேரளத்தைப் பாருங்கள். 1996இல் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிற்று. மாநிலத் திட்டநிதியில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒதுக்கப்பட்டது. மக்கள் கிராம சபையிற் கூடித் தம் தேவைகளை எடுத்துரைத்தனர். அதற்கும் முன்னரே கல்லியாசேரி என்னும் ஊரிலே தொண்டர்கள் விஞ்ஞானிகளோடு சேர்ந்து தம் நிலவளத்தையும் நீர்வளத்தையும் படமாக வரைந்தனர். ஆராய்ச்சி அங்கே ஊராரின் கைவேலையாயிற்று.

"படியாதவர் பொருளியலை அறிவாரோ?" என்பர் சிலர். சூத்திரங்களை அவர்கள் அறியாதிருக்கலாம். பசளையைப் பாதியாக்கினால் விளைவு என்னாகும் என்பதை அறிவர். அறிஞரின் கணக்கும் அனுபவத்தின் கணக்கும் ஒன்றையொன்று திருத்தவேண்டும். ஊர்க்கூட்டத்திலும் உரத்த குரலுடையோரே பேச, குத்தகைக் கமக்காரனும் கூலிப் பெண்ணும் வாய்மூடி இருப்பாராயின் அதுவும் சனநாயகமன்று.

நாம் செய்யத்தக்கது யாது? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கதவைத் திறந்துள்ளது. பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டுப் பெறுவோம். ஊராரோடு கூடி வினாக்களை அமைத்து, வீடு வீடாகச் சென்று பயிர்ச் செலவையும் கடனையும் கணக்கெடுப்போம். யார் பெயரும் வெளிப்படாவண்ணம் அதன் முடிவைக் கோயில் மண்டபத்திலே வாசித்து, பிழை திருத்துமாறு கேட்போம். கோயிற் கணக்கை அடியார் முன் வாசிக்கவேண்டும் என்கிறோமன்றோ? நாட்டுக் கணக்குக்கும் அதுவே முறை.

பெரியோர்கள் வழிகாட்டுக, இளைஞர்கள் எழுக!