எந்த சீன்ல அழுதீங்க?

இந்த எபிசோடுக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன். 'தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்', 'பேன்ஸ் லாபிரிந்த்', 'மை நெய்பர் டோட்டோரோ', இந்த மூணு படத்தோட க்ளைமாக்ஸும் இதுல வரும். பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து கேளுங்க. எபிசோட் எங்கயும் ஓடிடாது.

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டு ஹால்ல மூணு பேர் உட்கார்ந்திருந்தோம். நான், காலேஜ்ல இருந்து கூட இருக்கிற நண்பன் ஒருத்தன், ஆபீஸ்ல பழக்கமான ஒரு தோழி. மூணு பேரும் ஃபேண்டஸி படப் பைத்தியங்கள். அவன் பீட்டர் ஜாக்சன் கட்சி. அவங்க கியர்மோ டெல் டோரோ கட்சி. நான் மியாசாகி கட்சி. யார் பெரிய டைரக்டர்னு ஆரம்பிச்ச சண்டை, பிரியாணி ஆறிப்போற வரைக்கும் ஓடுச்சு. ஆஸ்கர் கணக்கு, பட்ஜெட் கணக்கு எல்லாம் வந்துடுச்சு.

கடைசியில தோழிதான் ஒரு ரூல் போட்டாங்க. "யார் பெரிய ஆள்னு பேச வேண்டாம். ஆளுக்கு ஒரே ஒரு சீன். நீங்க நிஜமா அழுத சீனைப் போட்டுக் காட்டுங்க. ஏன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

நண்பன்தான் முதல்ல. ஜாக்சன் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1987-ல 'பேட் டேஸ்ட்'னு குறைஞ்ச செலவுல ரத்தக்களரியா ஒரு படம் எடுத்து ஆரம்பிச்ச ஆள். அவரை நம்பி மூணு பெரிய படங்களை ஒண்ணா எடுக்க விட்டாங்க. 1999 அக்டோபர்ல தொடங்கின ஷூட்டிங் 2000 டிசம்பர் வரை நியூசிலாந்துல நடந்தது. 2003-ல வந்த மூணாவது படம் 11 பிரிவுல ஆஸ்கருக்குப் போய் பதினொண்ணையும் வாங்குச்சு. அதுக்கு முன்னாடி எந்த ஃபேண்டஸி படமும் சிறந்த படம் விருதை வாங்கினதில்ல.

ஜாக்சனோட வித்தைகளைப் பத்தியே ஒரு தனி எபிசோட் போடலாம். முதல் படத்துல காண்டால்ஃபும் ஃப்ரோடோவும் ஒரே மேஜையில உட்கார்ந்து பேசுற சீன் ஞாபகம் இருக்கா? அது உண்மையில ஒரே மேஜை இல்ல. ரெண்டு துண்டா வெட்டி, ஒரு பாதியை கேமராவுக்குப் பக்கத்துலயும் இன்னொரு பாதியைத் தள்ளியும் வெச்சிருக்காங்க. பக்கத்துல இருக்கிறவர் பெருசா தெரியறார், தள்ளி இருக்கிறவர் குட்டியா தெரியறார். கேமரா நகர்ந்தா குட்டு உடைஞ்சிடுமே? அதுக்காக கேமராவோட சேர்ந்து செட்டும் நகர்ற மாதிரி செஞ்சாங்க.

இவ்வளவு இருக்கே, குதிரைப்படை பாய்ற போர்க்காட்சியைத்தான் இவன் போடப்போறான்னு நினைச்சேன். அவன் போட்டது மலைச்சரிவு சீன். ஃப்ரோடோவால ஒரு அடி எடுத்து வைக்க முடியல. சாமும் கிட்டத்தட்ட முடிஞ்சுபோன நிலைமைதான். மோதிரத்தைத் தன்னால சுமக்க முடியாதுன்னு சாமுக்குத் தெரியும். அதனால மோதிரத்தோட சேர்த்து நண்பனையே தோள்ல தூக்கிட்டு மலை ஏற ஆரம்பிக்கிறான். ரெண்டு பேருமே ஹாபிட், அதனால அந்த அளவு வித்தைகூட அங்க தேவைப்படல. புழுதி படிஞ்ச ரெண்டு முகம், ஒரு சரிவு, அவ்வளவுதான்.

சீன் முடிஞ்சதும் நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். ரிங்ஸ் ரசிகர்களைச் சீண்டணும்னா உலகம் பூரா கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கே. "எல்லாம் சரி மச்சான், கடைசியில கழுகு வந்து தூக்கிட்டுப் போகுதுல்ல? அதை முதல்லயே அனுப்பியிருந்தா ஒன்பது மணி நேரம் மிச்சமாகியிருக்குமே?"

சாதாரணமா அவன் இதுக்கு அரை மணி நேரம் பதில் சொல்வான். கழுகுக்குத் தன்மானம் உண்டு, மோர்டார்ல காவல் உண்டுன்னு இழுப்பான். அன்னைக்கு, "கழுகு கடைசியிலதான்டா வரும்"னு மட்டும் சொன்னான். ரிமோட்டைத் தோழிகிட்ட குடுத்துட்டான். நான் சிரிச்சுட்டு அதைக் கடந்துட்டேன்.

தோழி போட்டது 2006-ல வந்த 'பேன்ஸ் லாபிரிந்த்' கடைசிக் காட்சி. கதை நடக்கிறது 1944, ஸ்பெயின். உள்நாட்டுப் போர் 1939-லயே முடிஞ்சு பிராங்கோ ஜெயிச்சாச்சு. ஆனா மலைக்காடுகள்ல எதிர்ப்பாளர்கள் இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. அவங்களை வேட்டையாடுற ராணுவ கேப்டன்தான் ஒஃபேலியாங்கிற சின்னப் பொண்ணுக்கு மாற்றாந்தகப்பன். வீட்டுக்குள்ள இந்தக் கொடூரம். வெளியில பாழடைஞ்ச சுற்றுப்பாதைக்குள்ள ஆட்டுக்கொம்பு முளைச்ச ஃபான். நீ பாதாள உலகத்து இளவரசி, மூணு சோதனையில ஜெயிச்சா திரும்பிப் போகலாம்னு அது ஆசை காட்டுது.

கடைசி சோதனையில, பிறந்த தம்பியோட ரத்தத்துல சில துளி வேணும்னு ஃபான் கேட்குது. அவ குடுக்க மாட்டேங்கிறா. பின்னாடியே வந்த கேப்டன் கண்ணுக்கு ஃபான் தெரியல. ஒரு பொண்ணு வெறும் காத்துகிட்ட பேசுறதாதான் அவனுக்குத் தெரியுது. அவன் சுட்டுடறான். அப்புறம் தங்கமா ஜொலிக்கிற ஒரு அரண்மனை வருது. அது நிஜமா, சாகப்போற குழந்தையோட கனவா? டெல் டோரோவே தன்னைப் பொறுத்தவரை அது நிஜம்னு சொல்லியிருக்கார். ரசிகர்கள் இன்னும் விடல, அடிச்சுக்கிறாங்க.

நானும் ஆரம்பிச்சேன். தோழி கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. "எது நிஜமா இருந்தாலும் ஒண்ணு மாறாது. அவ தம்பியைக் குடுக்கல. அந்த முடிவை எடுக்கும்போது அவளுக்கு எந்த மந்திரமும் உதவிக்கு இல்ல. நான் அழறது அதுக்குத்தான்." மேல பேச எனக்கு ஒண்ணும் கிடைக்கல.

அடுத்து நான். 1988-ல வந்த 'டோட்டோரோ'. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. அக்கா சட்சுகி, தங்கை மேய், அப்பா மூணு பேரும் கிராமத்து வீட்டுக்குக் குடிவர்றாங்க. காட்டுல டோட்டோரோன்னு ஒரு பெரிய, மெத்துமெத்துன்னு இருக்கிற ஜீவன். மியாசாகியோட அம்மாவும் முதுகெலும்புக் காசநோயால பல வருஷம் அவதிப்பட்டவங்க. அதனாலயோ என்னவோ, அந்த வீட்டுல எல்லாரும் சிரிச்சுட்டே இருந்தாலும் அடியில ஒரு பயம் ஓடிட்டே இருக்கும்.

நான் காட்டினது சோளக்கதிர் சீன். அம்மா இந்த வாரம் வீட்டுக்கு வரமாட்டாங்கன்னு தெரிஞ்சதும், கையில ஒரு சோளக்கதிரோட மேய் தனியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக் காணாமப் போயிடறா. சட்சுகி போய் டோட்டோரோகிட்ட கெஞ்சறா. அது பூனை பஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்புது. பஸ் தங்கச்சிகிட்ட கொண்டுபோய் விடுது, அப்புறம் ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டுப் போகுது. அவ்வளவுதான். டோட்டோரோ அம்மாவைக் குணப்படுத்தல. பிள்ளைங்க மரத்து மேல உட்கார்ந்து ஜன்னல் வழியா அம்மாவைப் பார்க்கிறாங்க. சோளக்கதிரை ஜன்னல் விளிம்புல வெச்சுட்டுத் திரும்பிடறாங்க.

எனக்கு எட்டு வயசுல அம்மா மூணு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. சின்னப் பசங்களை வார்டுக்குள்ள விடல. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை வாசல்ல பெரியப்பா கையைப் பிடிச்சுட்டு நின்னு, ரெண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்துட்டு இருப்பேன். அம்மா நல்லபடியா வந்துட்டாங்க. ஆனா அந்த மரத்து சீன் வரும்போதெல்லாம் நான் டீக்கடை வாசல்ல போய் நின்னுடறேன். இதைச் சொன்னப்போ ரெண்டு பேரும் கிண்டல் பண்ணல. நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டாங்க.

இப்பதான் முக்கியமான இடம். தோழி கேப் பிடிச்சுக் கிளம்பிட்டாங்க. நண்பன் பைக்கை எடுக்கக் கீழ இறங்கினான், நானும் கூடப் போனேன். படிக்கட்டுல பாதியில நின்னு சொன்னான். "அப்பா ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா இருந்தார்ல. எங்க பில்டிங்ல லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் மூணு மாடி நான்தான் தூக்கிட்டு இறங்குவேன், திரும்ப ஏத்துவேன். வியாதியை நான் வாங்கிக்க முடியாதுல்ல. அப்போ ஒருத்தரும் வரல. முடிஞ்ச அன்னைக்கு எல்லாரும் வந்தாங்க. கார் எடுத்துட்டு வந்தாங்க, சாப்பாடு வாங்கிட்டு வந்தாங்க. நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க. அதான் சொன்னேன், கழுகு கடைசியிலதான் வரும்."

அவன் என்னைக் குத்திக்காட்டணும்னு சொல்லல. ஆனா அந்தக் கடைசி நாள் கார் எடுத்துட்டுப் போன ஆள்ல நானும் ஒருத்தன். அந்த ரெண்டு வருஷமும் அவன்கூட வாரா வாரம் ரிங்ஸ் பத்திச் சண்டை போட்டிருக்கேன். மூணு மாடி விஷயம் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்ல.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. மூணு சீனையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். மூணுலயும் ஒரு விஷயம் ஒத்துப்போகுது. மலைச்சரிவுல காண்டால்ஃப் இல்ல. ஃபான் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கல. டோட்டோரோ வைத்தியம் பார்க்கல. டிராகனும் மந்திரமும் யாரு வேணா காட்டலாம். மந்திரத்தை எந்த இடத்துல நிறுத்தணும்னு இந்த மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. அது நிக்கிற இடத்துல ஒரு மனுஷன் என்ன செய்யறான்னு பார்க்கத்தான் நாம திரும்பத் திரும்பப் போறோம்னு எனக்குத் தோணுது. இல்லன்னு நினைக்கிறவங்க வாங்க, சண்டை போடலாம்.

மறுநாள் அவனுக்கு ஃபோன் பண்ணேன். சாரின்னு ஆரம்பிச்சேன், "ஓவரா பண்ணாத"ன்னு சொல்லிட்டான். அந்த ரெண்டு வருஷத்தைப் பத்திக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினான். அவன் அப்பாவுக்கு ரிங்ஸ் சுத்தமா பிடிக்காதாம், பாதியிலயே தூங்கிடுவாராம்.

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்க கேங்ல யார் பெரிய டைரக்டர்னு சண்டை வந்தா, நல்லா போடுங்க, நானும் போடுவேன். முடிஞ்சதும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட எந்த சீன்ல அழுதீங்கன்னு கேளுங்க. பதில் வரும்போது நடுவுல ஜோக் அடிக்காதீங்க.

உங்க சீன் எதுன்னு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் சில குரல்களோட வர்றேன். அதுவரைக்கும், வணக்கம்.