பல்லும் ஈறும் பேணுவோம்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உடல்நலம் என்றதும் தேகப்பயிற்சியையும் உணவையும் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பல். "வயது போனால் பல் விழத்தானே செய்யும்" என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். இது மெய்தானா? இக்கேள்விக்கு விடை நமது நாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலேயே கிடைத்திருக்கிறது.

1970ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவருடைய குழுவினரும் இங்குள்ள தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தார்கள். பதினான்கு வயதுச் சிறுவர் முதல் முப்பதை எட்டிய வாலிபர் வரை அவர்களில் இருந்தனர். பல் துலக்கும் முறையோ பல் வைத்தியமோ அவர்களுக்குக் கிட்டியிருக்கவில்லை. 1985 வரை பல தடவை பரிசோதனை நடந்தது. முடிவுகள் 1986இல் வெளிவந்தன.

அவர்களிடம் சொத்தைப்பல் அநேகமாக இல்லை. ஆயினும் பற்கள் விழுந்தன. காரணம் ஈறு நோய். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து பரவியது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35இல் 12 பற்களும் 40இல் 20 பற்களும் போய், 45இல் வாய் வெறுமையாயிற்று. 81 பேருக்கு நோய் மெல்ல நடந்தது. முப்பதுக்கு மேல் தொடங்கி 45 வயதுக்குள் ஏழு பற்கள் வரை போயின. மிகுதி 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு நின்றுவிட்டது.

அதே குழுவினர் ஒஸ்லோ நகரில், சிறு வயது முதலே பல் பராமரிப்புப் பெற்றவர்களையும் பரிசோதித்தார்கள். நாற்பது வயதளவில், பல்லைத் தாங்கும் பிடிப்பு அவர்களுக்குச் சராசரி ஒன்றரை மில்லிமீற்றர் அளவே குறைந்திருந்தது. நம்மவர்களுக்கோ நாலரை மில்லிமீற்றர். ஆகவே வயதின்மேல் பழிபோடுவது நியாயமன்று. தேக வாகும் ஒரு காரணமே; ஆனால் நாம் அந்த எட்டுப் பேரில் ஒருவரா, பதினொரு பேரில் ஒருவரா என்பதை முன்கூட்டி யார் அறிவார்?

நோய் வரும் விதத்தைக் கேளுங்கள். பல்லின் அடியில் நுண்கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அகற்றாவிட்டால் அது இறுகிக் காறையாகிறது. ஈறு சிவந்து வீங்கி இரத்தம் கசிகிறது. பின்னர் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடுகிறது. வலி பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

1965இல் லோ அவர்களும் துணைவர்களும் வெளியிட்ட வேறோர் ஆய்வில், நல்ல ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் குணமாயிற்று. கெடுப்பதும் காப்பதும் நம் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாள்தோறும் செய்ய வேண்டியவை இவை:

காலையிலும் இரவு படுக்குமுன்னும் மென்மையான தூரிகையால் இரண்டு நிமிடம் துலக்குக. ஈறும் பல்லும் சேருமிடத்தைச் சிறு வட்டமாகத் தேய்க்குக. புளோரைட் சேர்ந்த பற்பசை நல்லது. ஈறில் இரத்தம் கண்டால் துலக்குவதை நிறுத்தாதீர்; அதுவே இன்னும் கவனமாகத் துலக்க வேண்டிய இடம். தூரிகையை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றுக. ஒருவர் தூரிகையை மற்றவர் எடுக்கலாகாது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பழமொழியில் வைத்துப் போற்றியவர்கள் நாம். குச்சியை மென்மையாகக் கையாளலாம். கரியும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும், அவை வேண்டாம். சீனி போட்ட தேநீரையும் இனிப்பையும் அடிக்கடி உண்பதைக் குறைப்போம். நீரிழிவு உள்ளவர்கள் ஈறில் இரட்டிப்புக் கவனம் வைக்க வேண்டும்.

பெரியோர்களுக்கு ஒரு பணிவான விண்ணப்பம். தாம்பூலம் நமது மரியாதைப் பொருள். சபையிலே தட்டு வைப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் நாள் முழுதும் மென்று கன்னத்தில் அடக்குவது வேறு. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது. வாயில் வெண்திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் பணம் கேட்கமாட்டார்கள். வலி முற்றிய பிறகு லக்கலவிலிருந்து ரிவஸ்டன் வளைவுகளைக் கடந்து மாத்தளை போவதைவிட, வலிக்குமுன் ஒருநாள் போவது எளிது.

அந்த 480 பேரின் வாயிலிருந்து உலகத்துப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் பாடம் படிக்கிறார்கள். அவர்கள் நமது பாட்டன்மாரின் தலைமுறையினர். பாடம் உலகம் சுற்றிவிட்டது; நமது வீட்டுக்கு மட்டும் வராமலிருக்கலாமா? இன்றிரவு தூரிகையை எடுக்கும்போது வீட்டுச் சிறுவரையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள்.