கோலம் அப்புறம், போன் நம்பர் முதலில்

நம் சங்க இணையதளம் கோலமும் தோட்டமுமாக அழகாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். சரி.

போன மாதம் லிஃப்டில் மாட்டிக்கொண்ட என் மனைவியிடம் மற்ற குடியிருப்புகளின் 3 தளங்களைத் திறந்து கொடுத்தேன். "லிஃப்ட் நின்றால் யாரைக் கூப்பிடணும்? கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் பார்த்தேன். முதலாவதில் பூக்கள் ஆடின, நம்பர் கிடைக்கவில்லை. இரண்டாவதில் 4 நிமிடம். மூன்றாவது வெறும் வெள்ளைப் பக்கம், மேலேயே நம்பர், 10 விநாடி.

5 பேர் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். கவுன்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: படிவம் புரியவில்லை என்றால் தப்பு படிவத்தின் மேல்தான்.

ஞாயிறு காலை 5 பேர் வாருங்கள். மூக்குக் கண்ணாடிக்காரர்களுக்கு முன்னுரிமை.