சொல்லிக் கொடுத்தவளுக்கு எவ்வளவு?
(புதுக்கோட்டை திலகர் திடலில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோட்டீசில் எனக்கு வேறு தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதை நான் பேசப் போவதில்லை. போன வாரம் ஒரு கூட்டத்தில் கண்ணால் பார்த்தது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதை முதலில் துப்பியாக வேண்டும்.

எழுத்தறிவுத் திட்டத்தின் ஆய்வுக் கூட்டம். ஒரு பிள்ளை எழுந்து நின்றாள். இருபத்திரண்டு வயது. பகலில் ஜவுளிக்கடையில் வேலை. ராத்திரி ஏழு மணிக்கு ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பதினோரு பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். கையில் நாற்பது பக்க நோட்டு. அதைப் பிரித்து வாசித்தாள். சாக்பீஸ் 20 ரூபாய். டியூப்லைட் 220. ஜெராக்ஸ் 64. கொசுவர்த்தி 90. ஆக மொத்தம் 394 ரூபாய். "என் கைக்காசு சார், கிடைக்குமா?" என்று கேட்டாள். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் சொன்னார்: "சேவைன்னுதானேம்மா வந்தே? அப்புறம் என்ன கணக்கு?" கூட்டம் சிரித்தது. பிள்ளை நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சிரித்தவர்களைக் கேட்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு வந்த ஜீப்புக்கு டீசல் யார் போட்டது? மேடையில் கட்டிய பேனருக்குக் காசு உண்டு, புத்தகம் அச்சடித்தவருக்குக் காசு உண்டு, டீ கொண்டுவந்த கடைக்காரருக்கும் காசு உண்டு. சொல்லிக் கொடுத்தவளுக்கு எவ்வளவு? (கைதட்டல்)

கணக்கையே பேசுவோம். அந்தத் திட்டத்தின் பெயர் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022 முதல் 2027 வரை. மொத்த ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். மத்திய அரசு 700 கோடி, மாநிலங்கள் 337.90 கோடி. எழுதப் படிக்கக் கற்பிக்க வைத்த இலக்கு ஐந்து கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். தலைக்கு 207 ரூபாய் 58 காசு! மேடை ஏறும்போது எனக்கு ஒரு சால்வை போர்த்தினீர்களே, என்ன விலை என்று செயலாளர் தோழரைக் கேட்டேன். 250 ரூபாய் என்றார். ஒரு தாயின் எழுத்தறிவு என் தோளில் கிடக்கும் சால்வையைவிட மலிவு!

அந்தப் பதினோரு பேருக்கு இந்தக் கணக்கில் 2,283 ரூபாய் வருகிறது. அவள் கேட்டது 394. யாரோ திருடிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. திருட்டாக இருந்தால் போலீசுக்குப் போகலாம். இது விதி. தன்னார்வலருக்கு ஊதியம் இல்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 1978 அக்டோபர் 2-ல் தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தில்கூடச் சொல்லிக் கொடுத்தவருக்கு மாதம் 50 ரூபாய் உண்டு. நாற்பத்து நாலு வருசம் கழித்து அது ஏறியிருக்க வேண்டாமா? பூஜ்யம் ஆகிவிட்டது!

கேட்டால் என்ன சொல்கிறார்கள்? காசு கொடுத்தால் சேவையின் புனிதம் கெட்டுவிடுமாம். புனிதத்தைக் காட்டி டியூப்லைட் வாங்க முடியுமா? இன்னொருவர் சொல்கிறார், செல்போனில் வீடியோ இருக்கிறது, பார்த்துப் படிக்கட்டும் என்று. செல்போனைப் பார்த்துத்தான் எழுத்து வரும் என்றால், ராத்திரி பகலாக அதையே பார்க்கும் அந்த அண்ணனுக்கு இந்நேரம் பன்னிரண்டு மொழி வந்திருக்க வேண்டும். (சிரிப்பு)

இதைவிட எனக்குச் சுடுவது ஒன்று உண்டு. "உங்க புதுக்கோட்டையிலேயே அறிவொளியில் யாரும் காசு வாங்கலையே" என்று எங்களையே எங்களுக்கு எதிராகச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

ஆமாம், வாங்கவில்லை. 1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது எனக்கு இருபது வயது. சைக்கிள் காரியரில் அரிக்கேன் விளக்கைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவள் நான். ஆனால் அன்றைக்கு எங்கள் பின்னால் யார் நின்றது? கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் நின்றார். மாவட்ட நிர்வாகமே தெருவில் இறங்கியது. கல் உடைத்த பெண்கள் கையிலேயே குவாரிக் குத்தகை வந்தது. சைக்கிள் பழகுவதும் பாடமானது. யுனிசெஃப் 50 மொபெட் கொடுத்தது. நாங்கள் உழைப்பைக் கொடுத்தோம், அரசு தன் பங்கைக் கொடுத்தது.

அந்தச் சைக்கிள் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாங்கள் பழகிய ஊரில் ஒரு பெரியவர், பொட்டச்சி சைக்கிள் மிதித்தால் மழை பெய்யாது என்று டீக்கடையில் உட்கார்ந்து சாபம் விட்டார். அடுத்த மாதமே அவருக்குக் காய்ச்சல். அன்னவாசல் ஆஸ்பத்திரிக்கு அவரைக் காரியரில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போனது அவருடைய மருமகள். போகிற வழியில் பிடித்தது பாருங்கள் மழை, இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள்! (பலத்த சிரிப்பு)

அந்த அறிவொளியிலிருந்து டெல்லியும் சென்னையும் எடுத்துக்கொண்டது என்ன? கலெக்டர் தெருவுக்கு வந்ததை எடுக்கவில்லை. குவாரியை எடுக்கவில்லை, சைக்கிளை எடுக்கவில்லை. கூலி கொடுக்காததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்! எங்கள் இளமையைச் சட்டமாக்கி எங்கள் மகள்கள் தலையில் கட்டுகிறார்கள்! சொல்லிக் கொடுத்தவளுக்கு எவ்வளவு என்றால் எங்களைக் கை காட்டுகிறார்கள். இதற்கா விளக்குத் தூக்கினோம்?

எழுத்தறிவில் ஓடி முன்னால் வந்ததற்குத் தண்டனையும் கிடைத்தது. 2009-ல் சாக்ஷர் பாரத் என்ற எழுத்தறிவுத் திட்டம் வந்தது. வயது வந்த பெண்களில் எழுத்தறிவு 50 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள மாவட்டத்துக்குத்தான் பணம் என்று கோடு போட்டார்கள். ஊராட்சிக்கு இரண்டு 'பிரேரக்', அதாவது ஊக்குநர், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய். புதுக்கோட்டை கோட்டுக்கு மேலே நின்றது, பட்டியலில் இல்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பு என்ன சொன்னது? இந்த மாவட்டத்தில் பெண் எழுத்தறிவு 69 சதவீதம். நூற்றுக்கு 31 பெண் கைநாட்டு! மாவட்டச் சராசரிக்குப் பசி எடுக்காது, தாயே. பசி எடுப்பது ஊருக்கு. டவுனில் நாலு கல்லூரி இருப்பதால் மலையடிக் கிராமத்துப் பாட்டிக்கு எழுத்து வந்துவிடுமா? 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பையும் அந்த வருசம் எடுக்கவில்லை. எத்தனை பேர் என்றே தெரியாமல் பணத்தைப் பங்கு வைக்கிறார்கள்.

சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறிப் பாருங்கள். 2,000 வருசத்துக்கு முன்னால் கல்லில் தமிழ் வெட்டிய மண் இது. அந்த மலையடிவாரத்தில் கூலி வேலைக்குப் போகிறவள் மையில் விரலை அமுக்குகிறாள். பார்க்க வயிறு எரியவில்லையா உங்களுக்கு?

கேட்பது மூன்றுதான். சொல்லிக் கொடுப்பவருக்கு மாத மதிப்பூதியம். எழுத்தறிவு மையம் தொடங்கும்போதே செலவுப் பணம், முடிந்த பிறகு பொன்னாடை அல்ல. மாவட்டச் சராசரியை விட்டு ஊர்க் கணக்கில் பங்கீடு. டெல்லி தர மறுத்தால் சென்னை தரட்டும். தமிழ்நாட்டுச் செலவில் 40 சதவீதம் உங்கள் பங்குதானே?

அந்த 394 ரூபாயை இங்கேயே துண்டு ஏந்தி வசூலித்துவிடலாம் என்று ஒரு தோழர் சொன்னார். வேண்டாம் தோழரே. நாம் கொடுத்தால் அதுவும் சேவைக் கணக்கில் போய்விடும். கொடுக்க வேண்டியவர் கொடுக்கட்டும். வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள். அந்த நோட்டோடு கலெக்டர் அலுவலகம் போகிறோம். மனுவை அந்தப் பதினோரு பெண்களே எழுதிவிட்டார்கள். இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறது, திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடியில் பதினோரு கையெழுத்து இருக்கிறது. ஒன்றுகூடக் கைநாட்டு இல்லை.