குரல் ஒருவருடையது, சொல் வேறொருவருடையது



வானொலியில் எப்போதோ கேட்ட ஒரு பாட்டு. அதைப் பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. பின்னால் இசை ஒலிக்க, ஓர் ஆண் குரல் இளைஞர்களுக்கு அறிவுரை கூறிக்கொண்டே போகிறது. வெயிலுக்குப் பூசும் களிம்பைப் பற்றி ஏதோ வந்தது என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. இதை எப்படித் தேடுவது?

மெட்டுள்ள பாட்டென்றால் முணுமுணுத்தே தேடலாம். 2020ஆம் ஆண்டில் கூகுள் அதற்கு வழி செய்துவிட்டது. பேச்சுப் பாட்டுக்கு மெட்டு ஏது? நினைவில் தங்கிய சொல்தான் துணை. 'சன்ஸ்கிரீன்' என்று தேடினால், 'எவ்ரிபடிஸ் ஃப்ரீ (டு வேர் சன்ஸ்கிரீன்)' என்ற பாட்டு கிடைக்கும். அதை வெளியிட்டவர் ஆஸ்திரேலியத் திரைப்பட இயக்குநர் பாஸ் லூர்மன். 1999இல் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

பெயர் கிடைத்ததும் பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், அந்தக் குரல் லூர்மனுடையது அன்று. லீ பெரி என்ற குரல் நடிகருடையது. சொற்களோ இருவருடையவையும் அல்ல. 'சிகாகோ டிரிபியூன்' நாளேட்டில் மேரி ஷ்மிக் என்ற பெண் எழுத்தாளர் 1997 ஜூன் 1ஆம் தேதி எழுதிய பத்தி அது. பட்டமளிப்பு விழாவில் பேசினால் என்ன சொல்லலாம் என்று கற்பனை செய்து எழுதியிருந்தார்.

இரண்டே மாதங்களில் அது மின்னஞ்சலில் வலம் வந்தது, வேறொருவர் பெயரில்! நாவலாசிரியர் கர்ட் வோனகட் எம்.ஐ.டி.யில் ஆற்றிய உரை என்று உலகமே நம்பியது. அவ்வாண்டு அங்கே உரையாற்றியவரோ அன்றைய ஐ.நா. தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான். லூர்மன் குழுவினருக்கும் அதே மின்னஞ்சல்தான் கிடைத்தது. அவர்கள் விசாரித்தார்கள்; உண்மையான ஆசிரியரைக் கண்டுபிடித்து, அனுமதி பெற்றார்கள்.

எல்லாருக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 'டெசிடராட்டா' என்ற கவிதைக்கு 1927இல் பதிப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான மேக்ஸ் எர்மன். பின்னாளில் பால்டிமோர் நகரத் தேவாலயம் ஒன்று தான் நிறுவப்பட்ட ஆண்டான 1692ஐத் தாங்கிய தாளில் அதை அச்சிட்டது. உடனே அது 17ஆம் நூற்றாண்டுக் கவிதையாகிவிட்டது! 1971இல் லெஸ் கிரேன் பேசி வெளியிட்ட இசைத்தட்டு அதை வானொலி வழியே பரப்பியது. எர்மனோ 1945இலேயே காலமாகிவிட்டார். தன் படைப்பின் புகழையும் அவர் காணவில்லை. தன் பெயர் மறைந்ததையும் அறியவில்லை.

இன்று அப்துல் கலாம் சொன்னதாகப் புலனத்தில் எத்தனை வரிகள் வருகின்றன! அவை எல்லாம் அவர் சொன்னவைதாமா? அனுப்புமுன் யாராவது கேட்கிறோமா?

காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றார்கள் நம் முன்னோர். பாட்டின் பெயரோடு தேடலை முடித்துவிடக் கூடாது. பேசியவர் யார், எழுதியவர் யார், முதலில் எங்கே அச்சானது? இம்மூன்றையும் கேட்டால்தான் எழுதியவருக்கு உரிய பெயர் அவரிடமே போய்ச் சேரும்.