கையால் கடைந்த பேனா



தென்னாட்டுக் கைத்தொழில்களுள் ஊற்றுப்பேனா கடைதலும் ஒன்று. சுதேசி இயக்க நாளில் இராஜமுந்திரியில் ரத்னம் பேனா பிறந்தது. 1935-இல் காந்தியடிகள் அதனைப் பாராட்டி மடல் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் இன்றும் கையால் கடையப்படுகின்றன. இவற்றிற்குப் பெரிதும் பயன்படும் எபொனைட், இரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றிச் செய்வது. நாம் வாழும் கேரளமோ இரப்பர் விளைச்சலில் பாரதத்தில் முதலிடம் வகிப்பது!

நிப்பு முதலிய உறுப்புகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. எபொனைட் கோலைக் கடைந்து, துளையிட்டு, மரை வெட்டி அவற்றைப் பொருத்துவர். வாங்குங்கால் பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது. மூடி தடையின்றித் திருகி, இறுதியில் இறுகி நிற்றல் வேண்டும். நிப்பு அதன் அடிக்கட்டையோடு நன்கு படிதல் வேண்டும். படியாவிடில் மை சீராக வாராது. நிப்பின் இரு நுனிகளும் சமமாக நில்லாவிடில் தாளைக் கீறும்.

இறுதிச் சோதனை எழுத்தே. பலரும் ஆங்கிலத்தில் கையொப்பமிட்டுப் பார்ப்பர். நாம் 'ழ', 'ணை', 'ஞ' என எழுதிப் பார்ப்போம். சுழியிலும் வளைவிலும் மை அறாது வருமாயின் அதுவே நமக்கேற்ற பேனா.

திருவனந்தபுரத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதுகின்றனர். தமிழோ பேச்சளவில் நின்றுவிடுகிறது. அவர்கள் கையில் நல்லதொரு பேனாவைக் கொடுத்து, ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்குத் திங்கள்தோறும் தமிழில் ஒரு மடல் எழுதச் செய்வோம்.